பூட்டிய வீட்டுக்கு நான் போட்ட சரி

என் பட்டியலில் பிழை வராது என்று பெருமைப்பட்டவள் நான். அந்தப் பெருமையால் ஒரு பிள்ளையைச் சாவுக்கு விட்டுவிட்டேன் என்று நடுங்கிய நாளைத்தான் சபைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஐப்பசி அடைமழை. புதன்கிழமை. கண்டியில் மின் தொழில்நுட்ப வேலை பார்க்கும் நான், விடுமுறைக்குத் தெல்தோட்டைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தேன். மண் சரியப்போகிறது, எல்லாரும் பாடசாலைக்குப் போங்கள் என்று காலை பத்து மணிக்கு அறிவித்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் வெளியேறினார்கள் என்று குறிக்கும் பொறுப்பு எனக்கு. வீட்டு இலக்கம், பெயர், சரி அடையாளம். ஒன்பதாம் வீடு பூட்டியிருந்தது. ஆளில்லை என்று சரி போட்டேன்.

பாடசாலைக்கு வந்ததும் பத்தாம் வீட்டு ராசு அண்ணன், ஆட்டை அவிழ்த்து வரப் போகிறேன் என்றார். ஒருவரும் திரும்பிப் போகக்கூடாது என்று ஏசினேன். சற்று நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணவில்லை.

அப்போதுதான் ஒன்பதாம் வீட்டு மாரியாயி அக்கா, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே ஓடிவந்தார்.

“பாப்பா, எங்க செல்விய எங்க படுக்க வெச்சிருக்கீங்க?”

“வீடு பூட்டியிருந்திச்சேக்கா!”

“நாந்தானே பூட்டுனேன்! தெனமும் பூட்டிட்டுத்தானே மலைக்குப் போறேன்!”

செல்விக்கு இருபது வயது. நடக்க முடியாது, பேச்சும் வராது. அப்படிப்பட்டவர்களைக் காவலுக்காக உள்ளே விட்டுப் பூட்டிப் போவது எங்கள் லயத்து வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் கண்ணுக்குப் பூட்டு மட்டுமே தெரிந்தது.

ஓடினோம். வளைவில் மண் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. சேற்றிலேயே மண்டியிட்டேன். “ஆண்டவரே, நான் விட்டவளை நீர் விட்டுவிடாதேயும்.”

தேயிலைச் செடிகளுக்கு நடுவே யாரோ இறங்கிவந்தார்கள். ராசு அண்ணன். முதுகில் செல்வி.

“பாப்பா, ஏசுறதுன்னா அப்புறம் ஏசுங்க. மொதல்ல புள்ளைய புடிங்க! உள்ள இருந்து சாப்பாட்டுத் தட்டத்தால கதவப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்திச்சு. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால பூட்ட நெம்பித் தொறந்தேன்.”

“ஆடு?” என்றேன், என்ன கேட்பதென்று தெரியாமல்.

“அதுக்கு நாலு காலு இருக்கில்ல, பின்னால வருது.”

மாரியாயி அக்கா மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார். நானும் அழுதேன். அன்று மாலை லயத்தின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே வந்தது. ஒன்பதாம் வீட்டில் கூரை மட்டும்தான் மிச்சம்.

இப்போது என் பட்டியல் தாமாக எழுந்து வர முடியாதவர்களின் பெயர்களோடுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆளை நேரில் பார்க்காமல் சரி போடுவதில்லை.

அன்பானவர்களே, உங்கள் தவறால் ஒருவர் ஆபத்தில் கிடக்கிறார் என்றாலும் வெட்கப்பட்டு வாய்மூடி நிற்காதீர்கள். ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நாம் போய்ச் சேர முடியாத இடத்துக்கு, நாம் தடுத்த ஆளையே அவர் முன்கூட்டி அனுப்பியிருப்பார்.