பிரயாணப்படுவோர் பக்கம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவில் விண்ணப்ப ஜெபம் வரும். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பதும் அதை முன்னால் நின்று வாசிப்பதும் இரண்டு வருடமாக என்னுடைய வேலை. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த நாட்களில் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. சும்மா இருக்க எனக்கு வராது.

அதற்கு முன்பு அந்தப் பட்டியல் ஒரு நீளக் கொப்பியில் இருந்தது. ஆலய வாசலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு சிறிய மேசை, அதன்மேல் கொப்பி, கொப்பியோடு நூலில் கட்டிய பேனை. நோயுற்றோர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், துக்கத்திலிருக்கும் குடும்பங்கள், பிரயாணப்படுவோர் என்று பக்கங்கள் பிரித்திருக்கும். யாரும் வந்து எழுதலாம். பிரயாணப்படுவோர் பக்கத்தில்தான் எழுத்து அதிகம்: கட்டாருக்குப் போனவர்கள், கொழும்புக்கு ஒப்பரேசனுக்குப் போனவர்கள், கடலுக்குப் போனவர்கள். போகிறவரின் வீட்டார் பெயரை எழுதுவார்கள். திரும்பி வந்தவர், வந்த முதல் ஞாயிறு, தன் பெயரைத் தானே கோடு போட்டு வெட்டுவார். இந்த வழக்கத்தை யார் தொடங்கியதென்று தெரியவில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான். எங்கள் அப்பாவும் ஒருமுறை வெட்டியிருக்கிறார்.

எனக்கோ அந்தக் கொப்பியைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஒருவர் கையெழுத்து மற்றவருக்குப் புரியாது. சுகமாகி எழும்பி, சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்கிற மனிதருக்காக நாங்கள் இன்னும் சுகம் கேட்டு ஜெபித்துக்கொண்டிருப்போம். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மடிகணினியில் ஏற்றினேன். தலைப்புகளுக்கு நிறம் கொடுத்தேன். சுவரில் திரை விழுந்தது. ஜெபத்தின் நேரம் பாதியாகக் குறைந்தது. மூப்பர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். கொப்பியைப் பேனையோடு சேர்த்துச் சுருட்டி உடுப்பு மாற்றும் அறையின் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த மாதத்தில் ஒருவர் கடலில் இருந்தார்.

கல்முனைக்குடி முதலாளி ஒருவரின் ஆழ்கடல் படகில் அவருக்கு வேலை. படகில் நான்கு பேர். மூவர் முஸ்லிம்கள், இவர் எங்கள் சபை. கரையில் நிற்கும் ஞாயிறுகளில் தலையை நனைத்து வாரிக்கொண்டு வருவார். கடைசி வரிசை வாங்கில்தான் இருப்பார், பிரசங்கத்தில் நித்திரை வந்துவிடும் என்பதால். பெயரை வெட்டும்போது மட்டும் அவருக்கு ஒரு தனிப் பெருமை. ஒருமுறை நான் பக்கத்தில் நின்றேன். ஒரு கோடு போட்டார், அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார்.

"ஏன் அண்ணன் ரெண்டு கோடு?" என்றேன்.

"ஒண்டு எனக்கு, ஒண்டு மேல இரிக்கிறவருக்கு. ஆள் கரைக்கு வந்திட்டான் எண்டு அவருக்கும் தெரியணும்தானே, புள்ள."

கடைசியாகப் போனபோதும் அவருடைய மனைவி பெயரை எழுதினார். கொப்பியிலிருந்து நான்தான் அதைக் கணினிக்கு எடுத்தேன். பதினைந்து நாளில் வரவேண்டிய படகு ஒரு மாதமாகியும் வரவில்லை. கடற்படையும் மற்றப் படகுகளும் தேடின. மாலைதீவுப் பக்கம் ஒரு படகைக் கண்டார்கள் என்று ஒரு கதை வந்தது, அது வேறு படகு. நாங்கள் உபவாச ஜெபம் வைத்தோம். பிறகு தேடுவது நின்றது. நான்காவது மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் பிரயாணப்படுவோர் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை வாசித்தேன். வாசிக்கும்போதெல்லாம் சபையில் ஓர் அசைவு எழும். சிலர் தலையைக் குனிவார்கள், சிலர் அவருடைய மனைவியை, அந்த அக்காவை, திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையிலிருந்து அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கடலுக்குப் போனவர் வருவாரென்று நான் நம்பவில்லை. நம்பாததை ஆண்டவரின் முன்னால் சத்தமாக வாசிக்க வாய் கூசியது. ஒரு சனிக்கிழமை பட்டியலைத் திருத்தும்போது அவருடைய பெயரை எடுத்துவிட்டு, துக்கத்திலிருக்கும் குடும்பங்கள் என்ற தலைப்பின் கீழ் அக்காவின் பெயரைப் போட்டேன். ஒரு நிமிட வேலை. போதகருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திப் பதில் வந்தது.

எங்கள் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. இருப்பவர்களின் ஆறுதலுக்காகத்தான் ஜெபிப்போம். ஆகவே அந்த மாற்றத்தோடு, எங்கள் ஜெபத்தில் அந்த மனிதருக்கு இடமே இல்லாமல் போனது. ஞாயிறு பள்ளியிலேயே படித்த விஷயம் இது. அந்த நிமிடத்தில் ஏன் தோன்றவில்லை என்று இன்றும் விளங்கவில்லை.

ஞாயிறு வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன், அக்காவின் பெயருக்குப் பிறகு சற்று நிறுத்தக்கூடச் செய்தேன். அவர் சுவரில் விழுந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் கூறுமுன்பே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார். பக்கத்துக் கதிரையில் அபாயா அணிந்த, அக்காவைவிட மூத்த ஒரு பெண். அந்தப் படகை ஓட்டிப் போனவரின் மனைவி, கல்முனைக்குடியிலிருந்து வந்திருந்தார். படகு காணாமல் போன பிறகுதான் இவர்கள் இருவரும் பழக்கம்.

"இவதான் பேர் வாசிக்கிற புள்ளையா?" என்று அவர் அக்காவிடம் கேட்டார்.

"ஓம் ராத்தா, இவதான்."

"படிச்ச புள்ளையெண்டு சொன்னாங்க." என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, விட்ட கதையைத் தொடர்ந்தார். "இண்டைக்கும் ஜும்ஆவுக்குப் பொறகு துஆக் கேட்டிரிக்காங்க. நாலு பேர்ர பேரையும் சொல்லித்தான். உங்கட ஆள்ர பேர் வரக்குள்ள மட்டும் மௌலவிக்கு நாக்குப் பொரளுதாம். என்ட மகன் ஊட்ட வந்து சொல்லிச் சிரிக்கான்."

"பொரண்டாலும் சொல்லுறார்தானே," என்றார் அக்கா.

என்னை இருக்கச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கல்முனைக்குடிப் பள்ளிவாசலில் ஒவ்வொரு வெள்ளியும் அந்த மனிதரின் பெயர் சொல்லப்படுகிறது. அவர் நித்திரை கொண்ட, பாட்டுப் பாடிய, பெயரை வெட்டிய எங்கள் ஆலயத்தில் சொல்லப்படுவதில்லை. செய்தது நான்.

ராத்தா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான் போயிட்டு வாறன். நீங்க கதையுங்க," என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா," என்றேன். "உங்களுக்குக் கொஞ்சம் லேசா இரிக்குமெண்டு நினைச்ச நான்."

"என்னை லேசாக்கச் சொல்லி நான் எழுதல்ல, தங்கச்சி. அவர்ர பேரத்தான் எழுதின நான்."

மெசினிலிருந்த துணியை எடுத்து மடித்தார். பிறகும் பேசினார், அதே குரலில்.

"அவர் வருவாரெண்டு நான் ஆரோடயும் சண்டைக்கு நிக்கல்ல. ராவில எனக்கும் எல்லா நினைப்பும் வரும். ஆனா போனவர் வந்துதானே வெட்டணும். நீங்க ஏன் வெட்டின நீங்க?"

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போன வசனங்கள் இரண்டு மூன்று இருந்தன, ஆறுதலைப் பற்றியவை. ஒன்றையும் வாயில் எடுக்கவில்லை.

அங்கிருந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நானும் கட்டைவிரலைக் காட்டின நான்தானே," என்றார். "பாத்த நான், புள்ள. சரியெண்டுதான் நினைச்ச நான்."

"திரும்பப் போடலாமா ஐயா? உயிரோட இல்லாத ஒருத்தருக்காக ஜெபிச்சதா ஆகாதா?"

பேனையை மூடினார், திறந்தார். "எனக்கும் தெரியாது. கமிட்டியில கதைச்சா ரெண்டு பக்கமும் வசனம் காட்டுவாங்க." விடைத்தாள்களை ஒன்றாக அடுக்கினார். "பேரைப் போடுங்க. ஆண்டவர் கேட்டா, அனுமதி குடுத்தது நான்தானெண்டு நான் சொல்லிக்கொள்ளுவன்."

அப்போதும் எனக்கு விடை கிடைத்ததாக இல்லை. நம்பாமல் எப்படிக் கேட்பது? அன்று இரவு முழுவதும் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆலயத்துக்குப் போய் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். பிரயாணப்படுவோர் பக்கங்களை முதல்முறையாக ஆற அமர இருந்து பார்த்தேன். கணினியில் ஏற்றும்போது வெட்டாத பெயர்களை மட்டும்தான் பார்த்திருந்தேன், வெட்டியவை எனக்குக் குப்பை. இப்போது பார்த்தால் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு மாதிரி. நேர்கோடு, அலை, பெருக்கல் அடையாளம், தாளே கிழியும் அளவுக்கு அழுத்தம். இரண்டு கோடு போட்ட பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அத்தனை முறை அவர் திரும்பி வந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் அதே பெயர், கோடில்லாமல்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னால் என் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் பெரிய விஷயமாகப் படவில்லை. என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. பெயரை வாசிக்கத்தான் கேட்டிருந்தார்கள். மேசையைத் துடைத்து, கொப்பியைப் பழைய இடத்தில் வைத்தேன். அக்காவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்: பெயர் இருந்த இடத்தில் இருக்கிறது.

மறுநாள் கொப்பியைப் பார்த்து வாசித்தேன். பிரயாணப்படுவோர் பக்கம் வந்ததும் அவர் பெயரை வாசித்தேன். சபை முழுவதும் "ஆண்டவரே, எங்கள் விண்ணப்பத்தைக் கேளும்" என்றது. அந்த வாசகத்தை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டது அன்றுதான். அன்று கேட்டதைத்தான் ஜெபம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அக்கா கடைசி வாங்கில் இருந்தார், தன் கணவர் வழக்கமாக இருக்கும் இடத்தில். ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மேசைக்கு வந்தார். பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சிக்கியிருந்த நூலை அவிழ்த்துப் பேனையைக் கையில் எடுத்தார்.

"இது எழுதுமா?"

மாதக்கணக்காக அலுமாரியில் கிடந்த பேனை. வாங்கி என் உள்ளங்கையில் கீறினேன். வரவில்லை. இன்னும் இரண்டு தரம் அழுத்திக் கீறிய பிறகு நீலம் வந்தது.

"எழுதுது அக்கா."

"பாத்துக்கொள்ளுங்க," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடற்காற்றுக்குப் பேனை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. சனிக்கிழமைகளில் ஆலயத்துக்குப் பூ வைக்கப் போகும்போது அதை எடுத்து ஒருமுறை கையில் கீறிப் பார்க்கிறேன். எழுதாவிட்டால் மாற்றிக் கட்டுகிறேன்.