அகலமான சப்பாத்து

காலில் எறும்பா என்று டாக்டரம்மா மலாயில் கேட்டபோது, என் அறையைக் குறை சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். “எறும்பெல்லாம் இல்லை, தினமும் கூட்டுகிறேன்” என்று அரைகுறை மலாயில் ரோஷமாகச் சொன்னேன். துணைக்கு வந்திருந்த முதலாளி அண்ணன் சிரித்துவிட்டார். “அந்த எறும்பு இல்லடா தம்பி. கால் மரத்துப் போகுதான்னு கேக்குறாங்க. மலாய்ல அதுக்கு ‘செமுட் செமுட்’னுதான் சொல்வாங்க லா.”

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் அண்ணனுடைய முடிதிருத்தும் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை எனக்கு. சில மாதங்களாக வலது காலை ஊன்றினாலே தணலை மிதித்ததுபோல் இருந்தது. டாக்டரம்மா பாதத்தை இருபுறமும் சேர்த்து அழுத்தினார். உயிரே போய்வந்தது. விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கி வீங்கியிருக்கிறதாம். காரணம், நான் வாசலில் கழற்றி வைத்திருந்த கூர்மூக்குச் சப்பாத்து. ஷூவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு, விரல்கள் விரிகிற மாதிரி அகலமானதைப் போடச் சொன்னார். முடியாது என்றேன்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் ஊரில் என் அப்பா மேலத்தெருவுக்கு முடிவெட்டப் போகும்போது, ஒரு கையில் கத்திரிப் பெட்டியும் மறுகையில் கழற்றிய செருப்புமாகத்தான் நுழைவார். கெடாவுக்கு வந்து முதல் சம்பளத்தில் நான் வாங்கியது அந்தச் சப்பாத்துதான். கடையில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். காலைக் கடித்தபோதும் கழற்ற மனம் வரவில்லை.

அன்று அப்பாவுடன் வீடியோவில் பேசும்போது காலைக் காட்டி, டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நின்னு செய்யிற வேலையாச்சேப்பா. எந்த ஷூவா இருந்தா என்ன? அங்க கழட்டுன்னு சொல்ல ஆளில்லேல்ல?”

“இல்லப்பா.”

“அப்ப காலுக்குச் சொகமானதப் போடு.”

மறுநாளே அகலமானதை வாங்கினேன். வாத்துக்கால் மாதிரி இருந்தது. பாதத்துக்கடியில் மெத்தைப் பட்டை வைத்தேன். வலி முழுதாகக் குறையாததால் ஓர் ஊசியும் போட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு முந்தைய நாள், காலையிலிருந்து கடை மூடும்வரை உட்காராமல் வெட்டினேன். என் நாற்காலிக்குக் காத்திருந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள்.

போன விடுமுறைக்கு ஊர் போனபோது, அப்பாவுக்கும் அதே அகலமான சப்பாத்தில் ஒரு ஜோடி வாங்கிப்போனேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. போட்டுக்கொண்டு மேலத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தோம். சிலர் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒருதரம்கூடக் குனியவில்லை.

நான் கெடாவுக்குத் திரும்பி வந்த பிறகு, ஊரில் நல்ல மழை. கடையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மேலத்தெருச் சேற்றில் வரிசையாக அப்பாவின் சப்பாத்துத் தடங்கள். நான் நடந்துபோனதுபோலவே இருந்தது.