ஆறு மணிக்கு வந்த லொறி

பேலியகொடையில் நான் வேலை பார்க்கும் களஞ்சியத்தில் சாமான் தங்குவதில்லை. ஒரு பக்கக் கதவில் பெரிய லொறியிலிருந்து இறக்கி, மறுபக்கம் நிற்கும் சின்ன லொறிகளில் கடைவாரியாக ஏற்றிவிடுவோம். எந்த லொறி எத்தனை மணிக்கு, எந்தக் கதவுக்கு என்று பட்டியல் போடுபவள் நான்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றி வந்த லொறி வாசலில் நின்றது. டிரைவர் மலையகத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இரவெல்லாம் ஓட்டி வந்த கண்கள்.

"ஆறு மணிக்கே வந்துட்டேன் மிஸ். ஏழு மணிக்கு எறக்கலாம்னு சொன்னாங்க."

பட்டியலைப் பார்த்தேன். அவருடைய லொறியை மறுநாளுக்குப் போட்டிருந்தேன். கை தவறிய பிழை. சொல்லியிருக்கலாம்.

"கொஞ்சம் பொறுங்கோ, இப்ப கதவு கிடைக்கும்" என்றேன்.

கிடைக்கவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். பதினொரு மணி வெயிலில் லீக்ஸ் வாடத் தொடங்கியது. மேனேஜர் வெளியே வந்து, இந்த லொறி ஏன் இன்னும் நிற்கிறது என்று சிங்களத்தில் கத்தினார்.

"பிந்தி வந்தது, சேர்" என்றேன், நானும் சிங்களத்தில்.

டிரைவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். என்னைப் பார்த்தார். லொறியில் ஏறினார். சரக்கு வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அதே லொறியை வேறொருவர் ஓட்டி வந்தார். "அவர வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க மிஸ். லேட்டாப் போனாராம்."

அதற்குப் பிறகும் நான் பத்து நாள் வாய் திறக்கவில்லை. சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன். கடைசியில், அந்த லொறி ஆறு மணிக்கே வந்ததாக எழுதியிருந்த காவலாளியின் வரவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் மேனேஜர் முன் விரித்து, பிழை என்னுடையது என்றேன். நன்றாக ஏசினார். ஆனால் என்னை நிறுத்தவில்லை. லொறிக் கம்பனிக்கு டெலிபோன் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பழைய டிரைவர் திரும்பி வந்த நாள் லொறிக் கதவருகே போய் நின்றேன்.

"ஐயா, பிழை என்ட. அண்டைக்கு நான்தான் பொய் சொன்னனான்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தனையாவது கதவு, அதச் சொல்லுங்க மிஸ்."

"மூண்டு" என்றேன்.