இறங்குற சட்டை

போன வாரம் லைனிங் துணி எடுக்கச் சென்னைக்குப் போய்விட்டுத் தனியாக ரயிலில் திரும்பினேன். கும்பகோணம் தாண்டி விடிகிற நேரம். எதிர் சீட்டுக்காரர் முகம் கழுவிவிட்டு வந்து காதுக்குப் பின்னால் அத்தர் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் என்னம்மா என்று கேட்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் தஞ்சாவூர் வந்துவிடும். உங்களிடம் என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். என் வாப்பா சவுதியில் சமையல் வேலை பார்த்தவர். லீவு கிடைக்கும்போது சென்னையில் விமானம் இறங்கி, ரயிலேறி, தஞ்சாவூரில் வந்து இறங்குவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை என்னையும் உம்மாவையும் சென்னைக்கே வரச் சொல்லி, மூன்று பேருமாக வந்தோம். கசங்கின சட்டையோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தவர், பாபநாசம் வந்ததும் பையின் மேலாக இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, அத்தர் பூசி, வேறு ஆளாகிவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இறங்குற சட்டை. வேறு எதற்கும் அதைப் போட மாட்டார். ஸ்டேஷனில் சித்தப்பா வேனோடு நிற்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்பார்கள்.

"அங்க அடுப்படியில வெந்தது இவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் வாப்பா.

"ஆமா, மாப்பிள்ளைக்கு இன்னொரு நிக்காஹ்" என்று உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

சவுதியில் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டுத்தான் சமைப்பார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி வைத்தேன். அங்கே நான் சொன்ன பதில்கள் எல்லாமே ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் என்னை விட்டது, நானும் அதை விட்டேன்.

கடைசித் தடவை வாப்பா சவுதியிலிருந்து வரவில்லை. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார், கூட நான் மட்டும். வயிற்றுப்புண் என்றுதான் உம்மாவுக்குச் சொல்லியிருந்தோம். இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போம்மா என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாத முகம். வாப்பா ஒரு தடவை பார்த்தார், நான் சொல்லிவிட்டேன்.

ரயிலில் உட்கார்ந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். வீட்ல ஒக்கார வச்சு மெதுவா சொல்லுவேன். பிளாட்பாரத்துல என்னயப் பாத்து அவ தெரிஞ்சுக்கக் கூடாது."

"தஞ்சாவூர்ல வீல்சேர் கேக்கட்டுமா வாப்பா?"

"அதுக்கு மைக் வச்சே சொல்லிடலாம். நடந்துதான் இறங்குவேன்."

பாபநாசத்தில் சட்டையைக் கேட்டார். நான்தான் பட்டன் போட்டுவிட்டேன். அந்தச் சட்டைக்குள் இன்னொரு ஆள் இருக்க இடம் இருந்தது. எப்போதும் போல அவசரப்பட்டு எழுந்து போய்க் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தஞ்சாவூருக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் இல்லாமல் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அப்போதுதான் நட்ட வயல். தண்ணீரில் வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. வாப்பாவின் முழங்கால் ஆட ஆரம்பித்தது.

"ஒக்காருங்க வாப்பா."

"ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன் புள்ள."

எங்களோடு வந்தவர்களில் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருத்தர். மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அவரும் பையோடு வந்து நின்றார். "என்ன பாய், நீங்க நின்னா சிக்னல் போட்டுருவானா? வண்டியே நின்னுக்கிட்டுத்தான இருக்கு" என்று கேலி செய்தவர், அந்தக் காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

நான் அவர் பக்கம் போய் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, ஸ்டேஷன்ல எங்க உம்மா நிக்கிறாங்க. இவங்களுக்கு இவ்வளவு முடியலங்கிறது அவங்களுக்குத் தெரியாது."

அவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். தன் பையை என்னிடம் கொடுத்தார். "இதையும் நீ தூக்கு பாப்பா."

வண்டி ஸ்டேஷனில் நின்றதும் முதலில் இறங்கி, வாப்பாவை அணைத்து இறக்கி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நா பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன். நீங்க சிரிச்சா போதும் பாய்." பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "எம் மச்சான் ஒரு மாடு வாங்குனான் பாருங்க, அவன் வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் அது நல்ல மாடுதான்..."

வாப்பா நிஜமாகவே சிரித்துவிட்டார்.

நான் மூன்று பைகளோடு பின்னால் வந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் தோளில் கை போட்ட இரண்டு கூட்டாளிகள். பின்னாலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். வாப்பாவின் இடது கால் தரையில் இழுபட்டது. அந்த மனிதரின் கை வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

சித்தப்பாவோடு நின்ற உம்மா, "ரயில்லயும் கூட்டாளி புடிச்சாச்சா? இவங்களுக்கு எங்க போனாலும் வாயடிக்க ஒரு ஆளு வேணும்" என்றாள். அந்த விவசாயி வாப்பாவை வேனுக்குள் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா உம்மாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அடுப்படியில் இருந்த எனக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்று வண்டி நின்ற இடத்தில் நட்டிருந்த பயிர் அறுப்புக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது தஞ்சாவூரில் எங்களுக்காக யாரும் வேன் கொண்டுவந்து நிற்பதில்லை. நான் இறங்கிப் பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் உம்மா அந்தக் காலையைத்தான் சொல்கிறாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்படி நடந்து வந்தாங்க தெரியுமா, சிரிச்சுக்கிட்டே!" ஆரம்பத்தில், கூட யாரோ ஒருத்தர் வந்தார் என்றும் சேர்த்துச் சொல்வாள். சொல்லிச் சொல்லி அந்த மனிதர் இல்லாமல் போய்விட்டார். நான் குறுக்கே பேசுவதில்லை. உம்மா சொல்வதில் இப்போது வாப்பா தனியாகத்தான் நடந்து வருகிறார், யாரையும் பிடிக்காமல்.