கதவடியில் தெரிகிற கால்

உடுப்பு போட்டுப் பார்க்கிற அறைகளின் கதவுகள் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. காற்று வர என்பார்கள் சிலர், மரத்தை மிச்சம் பிடிக்க என்பார்கள் சிலர். எதற்காக இருந்தால் என்ன, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே டோக்கன் அக்கா பத்தொன்பது வருடத்தை ஓட்டிவிட்டாள்.

கால்களைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள். கட்டைவிரலில் எம்பினால் உடுப்பு பிடித்துவிட்டது. ஒரே இடத்தில் தத்தளித்தால் கழுத்து நுழையவில்லை. குதிகால் இரண்டும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் விலைச்சீட்டு கண்ணில் பட்டுவிட்டது. இப்படிக் குதிகால் சுவரில் ஒட்டியவர்கள் வெளியே வரும்போது "நிறம் எடுப்பா இல்ல" என்பார்கள். "ஆமாம்மா, வெளிச்சத்துல பாத்தா மங்கல்தான்" என்று டோக்கன் அக்காவும் ஒத்து ஊதுவாள். அதற்கெல்லாம் அவளுக்குச் சம்பளம் கிடையாது.

சம்பளம் எண்ணுவதற்கு. உள்ளே போகிறவர் கையில் எத்தனை உடுப்பு என்று எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பொறித்த டோக்கனைக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது டோக்கனை வாங்கி, உடுப்பை எண்ணிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேக்கரியில் ரொட்டி சுடுகிற அவள் கணவர் கேலி செய்வார். "உனக்குச் சம்பளம் கையை எண்ணவா, காலை எண்ணவா?" கேட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அவரே, "இன்னைக்கு யார் கால்?" என்பார்.

அவளுடைய இந்தப் பார்க்கிற புத்தி சும்மா வந்ததில்லை, இரண்டு வேலையைக் காவு வாங்கிவிட்டு வந்தது. முதல் வேலை ஒரு டெலிபோன் பூத்தில். பேசிவிட்டு வெளியே வந்தவரிடம், "அப்ப உங்க தங்கச்சி திரும்பி வரமாட்டாங்களா?" என்று கேட்டதில் அது போயிற்று. அடுத்தது ஒரு டாக்டரிடம் சீட்டு எழுதுகிற வேலை. அங்கே வருகிறவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இவளிடமே சொல்லி முடித்துவிட்டு, உள்ளே போய்த் தலையை மட்டும் ஆட்டினார்கள். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவதாக வந்து சேர்ந்தது இந்தப் பெரிய கடை.

நகரத்தின் நடுவில், நெற்றியில் கடிகாரம் வைத்த ஐந்து மாடிக் கட்டடம். நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடி எத்தனையோ உள்ளங்கைகள் பட்டு மெலிந்து கிடக்கும். முன்வாசலில் சுழல் கதவு. கடைக்கு எப்படி வழி என்று கேட்டால் ஊரில் யாரும் சொல்வார்கள். அந்தச் சுழல் கதவைத் தாண்டிப் போயிருக்கிறாயா என்று கேட்டால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வருகிறவர்களிலும் எத்தனை ரகம்! வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காகவே வந்து, ஒரு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். மனைவியின் அளவு தெரியாமல் டோக்கன் அக்காவையே ஏற இறங்கப் பார்த்து, "உங்களைவிட ஒரு சுத்து கம்மி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு கணவர். முதுகு ஜிப் சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அழுத ஒரு கல்லூரிப் பெண். அவளுக்கு டோக்கன் அக்கா கதவடியில் ஒரு சோப்புத் துண்டை நீட்டி, "ஜிப்புல தேச்சு இழும்மா" என்றாள். ஜிப் இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு அவள் முகம் இன்றுவரை தெரியாது. கையை மட்டும் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மூன்று கவுன் காணாமல் போயிற்று.

மூன்றும் பாசிப்பச்சை. கழுத்தோரம் வெள்ளைப் பூவேலை. போன மாதக் கணக்கெடுப்பில் இருந்தவை, இடையில் எண்ணிப் பார்த்தபோது இல்லை. இரண்டாம் மாடி சூப்பர்வைசருக்குக் கொக்கு என்று பெயர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், தூணுக்குத் தூண் மறைந்து ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பார். அவர் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: உடுப்பு மறைய இந்த மாடியில் வேறு இடமில்லை, உன் அறைகள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். சனிக்கிழமை கணக்கெடுப்பு. அதற்குள் ஆளைக் காட்டாவிட்டால் உன்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

கீழ்த்தளம் என்றால் தரைக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடம். சன்னல் கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது. சம்பளம் அதேதான், ஆனால் பார்க்க ஒரு கால்கூட இருக்காது. டோக்கன் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "யார் கால்?" என்று கேட்ட கணவர் பக்கம் தட்டைத் தள்ளிவைத்தாள். அவரும் அதற்குமேல் கேட்காமல் தட்டை எடுத்துப்போய்த் தானே கழுவிவைத்தார்.

அவளுக்கு ஓர் ஆள் மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. நீலப்பைக்காரி.

முப்பது வயதிருக்கும். வியாழக்கிழமை தவறாமல், கடை திறந்த சூட்டோடு வருவாள். மூன்று கவுன் எடுப்பாள், மூன்றாம் நம்பர் டோக்கன் வாங்குவாள், நாலாம் அறைக்குள் போவாள். இருபது நிமிடம். ஒன்றையும் வாங்கியதில்லை. ஆனால் திருப்பித் தருகிற மூன்றும், கடைப் பையன்கள் மடித்ததைவிட அழகாக மடித்திருக்கும். திருடுகிறவள் மடித்துக் கொடுப்பாளா? எண்ணிக்கையும் ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. ஆனாலும் அந்தக் கால்கள்! கண்ணாடி முன்னால் திரும்பாத கால்களை டோக்கன் அக்கா வேறெங்கும் பார்த்ததில்லை. செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை. உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் பாதங்கள் மறைந்து இரண்டு முழங்கால்கள் தரைக்கு வந்துவிடும். உடுப்பு போட்டுப் பார்க்க வந்தவள் எதற்கு மண்டியிடுகிறாள்?

கொக்கிடம் சொன்னால் முடிந்தது. பையைச் சோதிப்பார்கள், பத்துப் பேர் கூடுவார்கள், ஏதாவது கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் அந்தப் பெண் பிறகு வரமாட்டாள், சந்தேகமும் அவளோடு போய்விடும். கீழ்த்தளத்துக்குப் போக வேண்டாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்ன செய்கிறாள் என்று தெரியாமலே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டால், அது ஆயுசுக்கும் தெரியாமலே போய்விடுமே. டோக்கன் அக்காவைத் தடுத்தது நியாயமா, இந்த ஆவலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது, நீலப்பைக்காரியும் வந்தாள். டோக்கன் அக்கா நாலாம் அறையின் முன்னால் போய் நின்றாள். உள்ளே முழங்கால்கள் இறங்கின. தரையில் செய்தித்தாள் விரிகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவடியிலிருந்து எலிவாலைப் போல ஒரு வெள்ளை நூல் வெளியே நீண்டது. அங்கங்கே முடிச்சு முடிச்சாக இருந்தது. டோக்கன் அக்கா யோசிக்கவில்லை. மிதித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து நூலை இழுத்தார்கள். வரவில்லை. இன்னொரு இழுப்பு. அதற்கும் வரவில்லை.

"அக்கா, காலை எடுங்க. முடிச்சு கலைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும்."

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா உங்க கால் இங்கயேதான நிக்குது. வலது செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கீங்க."

டோக்கன் அக்காவுக்கு முகம் சூடேறியது. பத்தொன்பது வருடமாகத் தான் மட்டுமே பார்ப்பதாக நினைத்திருந்தாள். உள்ளே இருந்தவர்களுக்கும் கண் இருந்திருக்கிறது. காலை எடுத்தாள். கதவு ஒருக்களித்துத் திறந்தது. செய்தித்தாள் மேல் ஒரு கவுன், உட்புறம் வெளியே தெரியும்படி, தோள் தைப்பு வானம் பார்க்கக் கிடந்தது.

நீலப்பைக்காரி ஒளிக்கவில்லை. நாலு தெரு தள்ளி ஒரு சந்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்களாம்: பெரிய கடையின் முகப்புக் கண்ணாடிக்குள்ளே ஒன்று நிற்கிறதே, அதே மாதிரி தைத்துக் கொடு. உள்ளே போய்ப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம். வெளியிலிருந்து பார்த்தால் துணி தெரியும், வெட்டு தெரியாது. அதனால் அவர்களுக்காக இவள் வந்து பார்க்கிறாள். டேப் எடுத்து வந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று நூல். முதல் முடிச்சு தோள், அடுத்தது அக்குள், மூன்றாவது இடுப்பு.

"அதுக்கு வியாழக்கிழமைதான் நேரமா?"

"புதன்கிழமை கடை மூடினப்புறம் ஆளுங்க வந்து முன்பக்கம் ஒரு கண்ணாடியில பொம்மைங்களுக்கு உடுப்பு மாத்துவாங்க. வாரம் ஒண்ணா நாலு கண்ணாடி. வியாழக்கிழமை காலையில புதுசு என்னன்னு பாத்துட்டு உள்ள வருவேன்." நூலைச் சுற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "மத்ததெல்லாம் கிடைச்சிடும்க்கா. மூலைக் கண்ணாடியில பாசிப்பச்சை ஒண்ணு நிக்குது பாருங்க, கழுத்துல வெள்ளைப் பூ. மூணு பொம்மைக்கும் அதான். அதைத்தான் மூணு வாரமா உள்ள தேடுறேன், ஒண்ணுகூட இல்லையே. எல்லாம் வித்துப்போச்சா?"

டோக்கன் அக்கா விரலை மடக்கி மூன்று என்று எண்ணிக்கொண்டாள்.

வேலைக்காரர்கள் கடைக்குள் வருவது பின்பக்கச் சந்திலிருக்கும் இரும்புக் கதவு வழியாக. போவதும் அப்படியே. பேருந்து நிறுத்தமும் அந்தப் பக்கம்தான். ஊர் முழுக்க முன்னால் நின்று பார்க்கிற கண்ணாடியை உள்ளே வேலை பார்க்கிறவர்கள் எட்டிப் பார்த்ததே இல்லை.

கொக்கைத் தூணோரம் தேடிப் பிடித்தாள். "சார், கொஞ்சம் முன்வாசல் வரைக்கும் வாங்க" என்றாள். அவர் மறுத்தார், பிறகு வந்தார். சுழல் கதவில் எப்போது நுழைவது என்று இருவருக்கும் தெரியாததால் ஒரே தடுப்புக்குள் சேர்ந்து புகுந்துவிட்டார்கள். வெளியேறுகிற இடம் வந்தபோது இவர் அவளுக்கு வழிவிட, அவள் இவருக்கு வழிவிட, கதவு இருவரையும் ஒரு சுற்று சுற்றி மறுபடி கடைக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. வாசல்காரர் திரும்பி நின்று சிரித்தார். இரண்டாவது தடவை தெருவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

மூலைக் கண்ணாடிக்குள் மூன்று பொம்மைகள் இடுப்பில் கைவைத்து நின்றன. மூன்றும் பாசிப்பச்சை. நடுவில் நின்றதன் அக்குளில் விலைச்சீட்டு தொங்கியது. அலங்காரம் செய்ய வந்த புது ஆள் உடுப்பை எடுத்துவிட்டு, எடுத்ததற்குச் சீட்டு எழுதி வைக்கவில்லை.

கொக்கு கண்ணாடியை ஒட்டி நின்று விலைச்சீட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, இதை யார் சொன்னார்கள் என்று கேட்டார். ஒரு கஸ்டமர் என்றாள்.

"அந்த நீலப்பையா?"

"ஆமா சார்."

"ஒண்ணும் வாங்க மாட்டா. இருபது நிமிஷம் உள்ள என்னதான் பண்றா?"

டோக்கன் அக்கா இதுவரை எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை. இது எண்ணிக்கை இல்லைதான், ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாக்குறாங்க சார்."

"போட்டுப் பாக்குறாளா?"

"போட்டா வாங்கத் தோணிடும்ல சார். பாக்க மட்டும்தான் வராங்க."

கொக்கு அவளை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அவர் கண் கண்ணாடிக்குத் திரும்பிவிட்டது. பொம்மையின் முதுகுப்பக்கம் தெரியுமா என்று கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். கவுன் தொளதொளவென்று இருந்ததால், முன்னால் அழகாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் கொத்தாகப் பிடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள். "அட" என்றார். அதன்பிறகு அவர் நீலப்பையைப் பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கணக்கு நேரானது. கீழ்த்தளத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. அன்று இரவு, "யார் கால்?" என்று கேட்ட கணவரிடம், "என் கால்தான், போங்க" என்று சொல்லி, அறுந்த செருப்பை அவர் மடியில் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை பாசிப்பச்சைக் கவுன்கள் மாடிக்குத் திரும்பியிருந்தன. நீலப்பைக்காரி மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். டோக்கன் அக்கா எண்ணினாள், மூன்றாம் நம்பரைக் கொடுத்தாள், நாலாம் அறையைக் காட்டினாள். அந்தப் பெண் அவள் காலைப் பார்த்துவிட்டு, "புதுச் செருப்பா?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் செய்தித்தாள் விரிகிற சத்தம் கேட்டது.

முதல் அறைப் பக்கமாக ஒரு நாற்காலி கிடந்தது. டோக்கன் அக்கா போய் அதில் உட்கார்ந்தாள், முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபது நிமிடம். கால் பரபரத்தது, கழுத்து வலித்தது. என்றாலும் நாலாம் அறைப் பக்கம் பார்க்காமல் இருந்து பார்த்தாள்.