கலியமூர்த்தியின் நியாயம்

கலியமூர்த்தியைப் போல நாணயமான ஆள் பாடி வட்டாரத்தில் கிடையாது என்று சொல்ல நாலு பேர் உண்டு. ஐந்தாவது ஆள் கலியமூர்த்தியேதான். ஐம்பத்தோரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகளை ஆவடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் போவார். அங்கே ஒரு மாடி வீட்டில் சுதா இருந்தாள். முப்பத்தாறு வயது, புருஷன் விட்டுவிட்டுப் போனவள். காசு கொடுப்பார், படுப்பார், ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். நாலு வருடப் பழக்கம்.

பேரம் பேசமாட்டார். குடித்துவிட்டுப் போகமாட்டார். வாசலில் நின்று, "உனக்கு இஷ்டம்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். கேட்டுவிட்டாராம், பெரிய மகராசன்! காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வேறென்ன பதில் வரும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. தொழில் புத்தி அப்படி. கம்பெனியிலிருந்து போல்ட் பெட்டி போகும். வாங்கினவன் திருப்பி அனுப்பவில்லை என்றால் நல்ல சரக்கு. இருபத்தெட்டு வருடம் அப்படிப் பார்த்தே பழகியவர், சுதாவின் மனசையும் அப்படித்தான் பார்த்தார். புகார் வரவில்லை, ஆகவே குறை இல்லை.

லேத்தில் வேலை பார்க்கும் ராயப்பனுக்கு மட்டும் இந்தச் சங்கதி தெரியும். டீக்கடையில் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"இன்னா மச்சான், மனசு உறுத்தலியா உனுக்கு?"

"நான் இன்னா கையப் புடிச்சா இஸ்துகினு வந்தேன்? நீயும் நானும் முதுக விக்கிறோம். அது அவ பொழப்பு."

"உனுக்கு முடியலன்னா லீவு சொல்லிட்டுப் படுத்துக்குவே. அவ சொல்ல முடியுமா?"

"சொன்னா நான் திரும்பி வந்துடுவேன்யா."

"அத்த அவகிட்ட சொல்லியிருக்கியா?"

கலியமூர்த்தி டீயைக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். ராயப்பன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் அப்படித்தான் பேசுவார் என்று தள்ளிவிட்டார்.

இந்த வருடம் ஜூன் மாதம் சுதா போன் எடுப்பதை நிறுத்தினாள். ஜூலையில் காண்ட்ராக்டர் கிருபாகரன் பேக்கிங் வேலைக்கு ஆறு பெண்களைக் கூட்டிவந்து கலியமூர்த்தி முன்னால் நிறுத்தினார். நாலாவதாக நின்றவள் சுதா. அவர் எந்தக் கம்பெனி என்று அவளிடம் சொன்னதே இல்லை. அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கலியமூர்த்தி தெரியாதவர் மாதிரி பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

வேலையில் அவள் சுறுசுறுப்பு. தன் மகள் கிருஷ்ணப்பிரியா பூந்தமல்லியில் பத்தாவது படிக்கிறாள் என்றும், ஸ்கூல் ஃபாரத்தில் அம்மா தொழில் என்ற இடத்தை இந்த வருடம்தான் நிரப்பினாள் என்றும் மற்ற பெண்களிடம் சுதா சொன்னது அவர் காதில் விழுந்தது. கலியமூர்த்திக்கு நிஜமாகவே சந்தோஷம். நாம் வாயைத் திறக்காமல் இருப்பதால்தானே இவள் பிழைக்கிறாள் என்று ஒரு பெருமையும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெருமைதான் சனியன்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் ஒரு மாதத்துக்குத்தான். மாதக் கடைசியில் பெயர்ப் பட்டியல் சூப்பர்வைசரிடம் வரும். அவர் ஒரு பெயரில் சிவப்புக் கோடு போட்டால் மறுநாள் வாட்ச்மேன் அந்த ஆளை உள்ளே விடமாட்டார். ஏன் என்று கேட்பாரில்லை. அந்தக் கோட்டுக்குப் பயந்து சில சூப்பர்வைசர்களுக்கு மீன் குழம்பு வரும், சிலருக்கு அதற்கு மேலும் வரும். கலியமூர்த்தி ஒரு நாளும் அநியாயமாகக் கோடு போட்டதில்லை. அதனால் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தனிமை தாங்காமல் அவளுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை எடுத்தாள்.

"நாளைக்கு வரட்டா? வேணான்னா வேணாம், தப்பில்ல."

அந்தப் பக்கம் யாரையோ உள்ளே போகச் சொன்னாள். பிறகு, "வாங்க சார்" என்றாள்.

நாலு வருடத்தில் கம்பெனிக்கு வெளியே அவள் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் போனார். ஆசை வந்தால் காது கேட்காது.

மகளை எங்கோ அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வழக்கத்தைவிட ஐந்நூறு கூடுதலாகவே நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காசு வேணாம் சார். லிஸ்ட்ல பேர மட்டும் அடிச்சிடாதீங்க."

கலியமூர்த்தி காசைச் சட்டைப்பையில் திணித்தார். "இன்னா பேசறே நீ? நான் அதுக்கா வந்தேன்? இஷ்டமில்லன்னா போன்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலைல வச்சிப்பீங்களா?"

"வச்சிப்பேன்."

"முன்னாடி எல்லாம் சொல்லியிருந்தா? அரிசி வாங்க இன்னா பண்ணியிருப்பேன்?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவருக்கு அசிங்கமாக இருந்தது. நாலு வருடமும் சேர்ந்து வந்து மேலே விழுந்தது. வாசல் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், சுதா ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சிக்கினு போவாதீங்க சார். உள்ள வாங்க. நான் ஒன்னும் சொல்லல." சொல்லிக்கொண்டே முந்தானையிலிருந்த பின்னைக் கழற்றினாள்.

இருந்தாலும் பாவம், போனாலும் பாவம். "கோவமே இல்லம்மா, நாளைக்கு வேலைக்கு வா" என்று தரையைப் பார்த்துச் சொல்லி, அவளைத் தொடாமல் ஒதுங்கி இறங்கினார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. போன் அணைந்து கிடந்தது. வியாழக்கிழமை கிருபாகரன் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினார். அன்று சாயந்திரம் கலியமூர்த்தி அயனம்பாக்கம் போனார். மாடியில் பூட்டு தொங்கியது. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள்.

"அவங்க காலி பண்ணிட்டாங்களே. காலாண்டு பரீட்சை நேரத்துல பொண்ண இஸ்கூல வுட்டு நிறுத்தி இஸ்துகினு போச்சி. கம்பெனி சார் யாரோ ஊட்டாண்டயே வந்துட்டாராம், இனிமே இங்க இருக்க முடியாதுன்னு அழுதுச்சி. நீங்க யாருங்க?"

"தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டு கலியமூர்த்தி வண்டியைத் திருப்பினார்.