வெளிநாட்டில் பூட்டியிருந்த என் காது

முப்பது வயதாகும் முன்பே மூளைக்காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. சில வருடங்கள் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தேன். பிறகு பலருடைய உதவியால் சத்திரசிகிச்சை செய்து வலது காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். உள்ளே இருப்பது பாதிதான். மற்றப் பாதி காதுக்குப் பின்னால் மாட்டுகிற சிறிய வெளிக்கருவி. அது சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். எந்தச் சத்தத்தை எவ்வளவு பலமாக அனுப்புவது என்ற அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். பல தடவை உட்காரவைத்து, கொம்பியூட்டரில் பார்த்துப் பார்த்து அந்த அளவுகளை எடுப்பார்கள். மெப் என்று அதற்குப் பெயர். என் மெப் வேறு யாருக்கும் உதவாது. அது இல்லாவிட்டால் எந்தக் கருவியும் எனக்கு உதவாது.

அந்த மெப் எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. காலையில் கருவியை மாட்டுவேன், மஹய்யாவையில் இருந்து கண்டி டவுனுக்கு நடந்து போவேன், பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பேன். வந்தவர்கள் பேசினார்கள், எனக்குக் கேட்டது. அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு பெண் இருமல் மருந்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் பாதியில் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. பற்றரியை மாற்றினேன், துடைத்தேன், கழற்றி மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. என் கணவர் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவர். வீட்டில் கருவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் பேராதனைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் செவிப்புலன் நிலையத்துக்கு இருவரும் போனோம். அங்கே என்னைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெளிக்கருவி செத்துவிட்டது என்று அவர் சொன்னது உதட்டசைவிலேயே புரிந்தது. ஆனால் வேறொரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன அதே வகைக் கருவி ஒன்று அவருடைய அலுமாரியில் இருந்தது. சிரித்துக்கொண்டே அதை எடுத்து மேசையில் வைத்தார். கொம்பியூட்டரில் என் பெயரை அடித்தார். சிரிப்பு போய்விட்டது. திரும்ப அடித்தார். கடைசியில் ஒரு தாளை எடுத்து எழுதினார்: “உங்கட மெப் இங்க இல்லை.”

“அப்ப எங்க இருக்கு?” என்று கேட்டேன். எனக்கே கேட்காததால் கத்தியிருப்பேன் போலும். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மிஸ் எழுதி எழுதி விளக்கினார். நான் சத்திரசிகிச்சை செய்துகொண்ட காலத்தில் அந்தக் கருவியைச் செய்த கம்பனி சிறியது. அளவுகள் எல்லாம் இங்கேயே கொம்பியூட்டரில் இருந்தன. பிறகு வேறொரு நாட்டின் பெரிய கம்பனி அதை வாங்கியது. இனி எல்லாம் எங்கள் சேர்வரில்தான், அதுதான் பாதுகாப்பு என்று சொல்லி, எல்லோருடைய அளவுகளையும் அங்கே மாற்றிக்கொண்டது. இப்போது இலங்கை போன்ற சிறிய இடங்களில் வியாபாரத்தை நிறுத்திவிட்டதால், இங்கிருந்து உள்ளே போகும் வழியை மூடிவிட்டது. முன்கூட்டியே அறிவித்தோம் என்கிறார்கள். அந்த அறிவித்தல் எங்களில் யாருக்கும் வந்து சேரவில்லை.

அவர் ஈமெயில் அனுப்பினார். உங்கள் பிரதேசத்தில் இந்தச் சேவை இல்லை என்று தானாக ஒரு பதில் வந்தது. பிறகு போன் எடுத்தார். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினாராம். நோயாளியின் தகவலை வெளியே கொடுப்பதென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி வழக்கறிஞர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாராம். மிஸ் அதை எழுதிக் காட்டியபோது பேனை தாளைக் கிழித்துவிட்டது. “அந்த நோயாளி எனக்கு முன்னால இருக்கிறா, அவதான் கேக்கிறா எண்டு சொன்னனான்” என்று கீழே எழுதினார்.

என் தலைக்குள் இருக்கும் ஒரு பொருளின் பாதி, நான் ஒருநாளும் போகாத நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகையும் எனக்குக் கேட்கவில்லை.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். பாமசி முதலாளி எங்கள் ஊர் முஸ்லிம் மனிதர். அண்ணன் என்ற முறையில் நாநா என்று கூப்பிடுவேன். என் கணவர் போய் விஷயத்தைச் சொன்னபோது நாநா, “தங்கச்சிக்கு காதுதானே இல்ல, கண் இருக்குத்தானே. மருந்துச் சீட்டு வாசிக்கிறது கண்ணாலதானே” என்றாராம். கவுண்டரில் ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்து, சொல்ல வேண்டியதை இதில் எழுதுங்கள் என்று மூன்று மொழியிலும் ஒட்டிவிட்டார். வாசிக்க எழுத முடியாதவர்கள் வந்தால் அவரே எழுந்து வந்து கேட்டு எழுதித் தந்தார். அந்த வாரங்களில் ஒரு தடவைகூட அவர் முகத்தில் சலிப்பைக் காணவில்லை. நான் தேடித்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் மிஸ் சும்மா இருக்கவில்லை. நிலையத்தில் யாரும் தொடாத பழைய லெப்டொப் ஒன்று கிடந்தது. அதில் இணையம் இல்லாமல் ஓடும் பழைய மென்பொருள் இருந்தது. ஆனால் லெப்டொப் இயங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஒரு சிங்களத் தோழியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அதை உயிர்ப்பித்து எடுத்து வந்தார். என் பழைய அளவுகள் அதில் இல்லை. ஆனால் புதிதாக எடுக்கலாம்.

அப்படித்தான் ஆரம்பத்தில் இருந்து தொடங்கினோம். அலுமாரியில் இருந்த அந்தக் கருவியை மாட்டிக்கொள்வேன், அவர் ஒரு சத்தத்தை அனுப்புவார். கேட்காவிட்டால் கையை ஆட்டுவேன், மெல்லக் கேட்டால் ஒரு விரல், போதுமென்றால் உள்ளங்கை. அதிகமானால் முகமே சொல்லிவிடும். முதல் நாள் முடிவில் அவர் பேசியது தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருட்டுவதைப் போல இருந்தது. ஆனாலும் அது சத்தம்.

பிறகு சொற்களை வைத்துச் சோதித்தார். முதல் தடவை கொழும்பில் இதைச் செய்தபோது, அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இல்லாததால் சிங்களச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் வைத்துத்தான் சோதித்தார்கள். மிஸ் தமிழில் ஒரு பட்டியல் தயாரித்து அதை என் கணவரிடம் நீட்டினார். அங்கே நடந்த பேச்சை அவர் பிறகு எனக்குச் சொன்னார்.

“நான் படிச்சா சரியா வருமா மிஸ்? எங்க பேச்சு வேற மாதிரி.”

“அதுதான் வேணும். வீட்டில அவ கேக்கப்போறது உங்கட குரலைத்தானே. வாயை மட்டும் தாளால மறைச்சுக்கொண்டு வாசியுங்கோ.”

அவர் வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன். புளி என்றார், நான் புலி என்றேன். “இவ கொழம்புல புலியத்தான் கரைச்சு ஊத்துவா போல” என்று அவர் சொன்னது அரைகுறையாகக் கேட்டது. மிஸ் ஏதோ ஒரு அளவை மாற்றினார். அடுத்த தடவை புளி புளியாகவே வந்தது. வாழை, வாளை என்று ஒரு சோடி இருந்தது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. மிஸ் என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார், தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அவை இரண்டு சொற்கள். என் கணவர் வாயில் ஒன்றுதான். மிஸ் சிரித்துக்கொண்டே அந்தச் சோடியை வெட்டிவிட்டார்.

பல தடவை போய் வந்த பிறகு ஒருநாள், “இனிக் காணும்” என்றார் மிஸ், இனிப் போதும் என்ற அர்த்தத்தில். என் மெப்பை நிலையத்தின் சொந்தக் கொம்பியூட்டரில் வைத்தார். இன்னொரு பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் தந்தார். “இது உங்கட. ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை” என்றார். மற்ற நோயாளிகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கருவி பழுதாகும் முன்பே அளவுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

நாட்டின் மருத்துவத் தகவல்களை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்று பேசுவதற்குக் கண்டியில் ஒரு கூட்டம் நடந்தது. மிஸ் என்னையும் கூட்டிப்போனார். நடந்ததைத் தமிழில் சொன்னேன். ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். கொம்பியூட்டர் துறையில் இருக்கும் ஒருவர் எழுந்து, இங்கே வைத்தால் மட்டும் என்ன, வெள்ளம் வரும், கரண்ட் போகும், கவனக்குறைவு இருக்கும், இங்கேயும் தொலையும்தானே என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: “தொலையலாம் சேர். ஆனா தொலைஞ்சா யாருகிட்ட போய் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியும். பஸ் எடுத்துப் போவேன்.” அவர் அதைக் குறித்துக்கொண்டார். சட்டம் எதுவும் இன்னும் மாறவில்லை. அந்த மனிதர் மட்டும் பிறகு இரண்டு தடவை நிலையத்துக்கு வந்து, பிரதிகளைப் பத்திரமாக வைக்கும் முறையை மிஸ்ஸுக்குக் காட்டிக் கொடுத்தார்.

கூட்டம் முடிந்து நானும் கணவரும் பஸ்ஸில் திரும்பினோம். அவருடைய குரல் முன்பு கேட்ட குரல் அல்ல. புது மெப்பில் கொஞ்சம் கனமாக இருக்கிறது. பழையதைத் தேடி முதலில் கவலைப்பட்டேன். அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என்ஜினாக இருக்கும் என்று நினைத்தேன். பஸ் நின்று என்ஜின் ஓய்ந்த பிறகும் அது நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவர் ஏதோ ராகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“எப்ப இருந்து இப்படிப் பாடுறீங்க?” என்று கேட்டேன்.

“எப்பவும் பாடுறதுதானே” என்றார். “ஒனக்குக் கேக்குதா?”

“கேக்குது. நிப்பாட்டாதீங்க” என்றேன்.